எலிசபெத் கொலென்சோ அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

உங்களை எனக்குத் தெரிய வந்தது உங்கள் கணவர் வழியாக, அவரைத் தெரிய வந்தது ஒரு மணி வழியாக. நியூசிலாந்தில் தமிழ் எழுத்து பொறித்த மணி ஒன்று கிடைத்த கதையை எங்கள் பக்கம் வாட்ஸப்பில் பார்க்காதவர்கள் குறைவு. 1836 வாக்கில் ஃபாங்கரேய் பக்கத்தில் அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள், அங்கே போன வில்லியம் கொலென்சோ அது பாத்திரம் இல்லை, விளிம்பு உடைந்த கப்பல் மணி என்று கவனித்தார், ஒரு இரும்புப் பானையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் தமிழில் எழுதியிருக்கிறது. சாணளவு கூட இல்லாத அந்த மணி இப்போது வெல்லிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு நியூசிலாந்தைக் கண்டுபிடித்ததே தமிழர்தான் என்று எழுதுகிறவர்கள் நிறைய. ஒரு கப்பலின் மணி ஒரு கரையில் கிடைத்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை என்பதுதான் என் எண்ணம், அதைப் பற்றி இங்கே சண்டை போடப்போவதில்லை.

இந்தக் கதைகளில் எல்லாம் உங்கள் கணவர் ஒற்றை வரியில் வந்து போகிறார், 'கொலென்சோ என்ற ஆங்கிலேயப் பாதிரியார்' என்று. யார் அவர், எதற்கு அங்கே போனார், அவர் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட அவரை விட்டு உங்களிடம் வந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம் அவருக்கு இல்லாமல் உங்களுக்கு.

உங்கள் அப்பா வில்லியம் ஃபேர்பர்ன் ஒரு தச்சர். சர்ச் மிஷனரி சங்கத்துக்காக 1819இல் நியூசிலாந்து வந்தவர், அதாவது பிரிட்டன் அந்தத் தீவுகளைத் தன் குடியேற்றமாக அறிவிப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்னால். கெரிகெரியில் 1821, 22இல் கட்டிய மிஷன் வீடு இன்னும் நிற்கிறது, ஐரோப்பியர் கட்டியதில் அந்த நாட்டில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டடம் அதுதான், அதைக் கட்டிய தச்சர்களில் உங்கள் அப்பாவும் ஒருவர். அந்த 1821இல் அதே கெரிகெரியில் நீங்கள் பிறந்தீர்கள். அப்பா அம்மா பேசிய ஆங்கிலமும், சுற்றிலும் இருந்தவர்கள் பேசிய மாவோரியும் உங்களுக்கு ஒரே நேரத்தில் வந்திருக்கிறது. இங்கிலாந்தை நீங்கள் முதன்முதலில் பார்த்தது கிட்டத்தட்ட நாற்பது வயதில். 'இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிச் சொல்லும்போது உங்களைப் போல அங்கேயே பிறந்து வளர்ந்த பெண்கள் எங்கே போவார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

உங்கள் அப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், மறைத்தால் சரியாக இருக்காது. 1836இல் தாமாகி பகுதியில் பல்லாயிரம் ஏக்கர் நிலத்தை அவர் மாவோரிகளிடமிருந்து வாங்கினார். சண்டை போட்டுக்கொண்டிருந்த இனக்குழுக்களுக்கு நடுவே சமாதானம் ஏற்படுத்தவே அப்படிச் செய்தார் என்று ஒரு விளக்கம் உண்டு. இருக்கலாம். ஆனால் பின்னால் அந்த நிலத்தின் பெரும்பகுதி அரசாங்கத்துக்குப் போனது, கொடுத்தவர்களுக்குத் திரும்பிப் போகவில்லை. தச்சராக வந்தவர் பெயரில் ஒரு மாவட்டம் அளவுக்கு நிலம் எழுதப்பட்டதும் உங்கள் குடும்ப வரலாறுதான், வீடு கட்டியது மட்டும் இல்லை.

சரி, உங்கள் கணவருக்கு வருகிறேன். கார்ன்வாலில் பென்சான்ஸ் என்ற கடலோர ஊரில், குதிரைச் சேணம் செய்கிறவரின் மூத்த மகனாக 1811இல் பிறந்தவர். ஊரிலேயே அச்சு வேலையும் புத்தகம் கட்டும் வேலையும் பழகி, பிறகு லண்டன் போய், அங்கிருந்து மிஷனின் அச்சாளராகக் கப்பலேறி, 1834 டிசம்பர் 30 அன்று பைஹியாவில் இறங்கினார். இறக்கிய பெட்டிகளைத் திறந்து பார்த்தால் அச்சு இயந்திரம் இருக்கிறது, அச்செழுத்து இருக்கிறது, அச்சடிக்கத் தாள் இல்லை, எழுத்துகளைப் பிரித்து வைக்கப் பெட்டிகள் இல்லை, பக்கங்களைக் கட்டி வைக்கும் கல் இல்லை. யோசித்துப் பாருங்கள், பாதி உலகத்தைத் தாண்டி வந்திருக்கிறார், மறந்ததை அனுப்பச் சொல்லி எழுதினால் பதில் வர ஒரு வருடம் ஆகும். மனிதர் சோர்ந்துபோகவில்லை. கெரிகெரி ஆற்றிலிருந்து ஒரு பாறாங்கல்லை எடுத்துவந்து சமப்படுத்திக்கொண்டார், மிஷனரிகள் கடிதம் எழுத வைத்திருந்த தாளை வாங்கிக்கொண்டார், மேலட்டைக்கு அங்கிருந்த பெண்கள் கொடுத்த இளஞ்சிவப்பு மை ஒற்றும் தாள். 1835 பிப்ரவரியில் எபேசியருக்கும் பிலிப்பியருக்கும் எழுதிய நிருபங்கள் மாவோரி மொழியில் அச்சாகி வெளியே வந்தன, நியூசிலாந்தில் அச்சான முதல் புத்தகம் அது. 1837 முடிவதற்குள் புதிய ஏற்பாடு முழுவதும், 5000 பிரதிகள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ் அச்சு போட்ட கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இந்த மாதிரி ஆளைப் பிடிக்காமல் போகாது.

1840 பிப்ரவரி 6. இந்த நாளுக்காகவும் எனக்கு அவரைப் பிடிக்கும். வைத்தாங்கியில் ஆளுநர் ஹாப்சன் முன்னால் மாவோரித் தலைவர்கள் பிரிட்டிஷ் அரசோடு செய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வந்து நிற்கிறார்கள். அந்த நேரத்தில் இந்த அச்சாளர், வயது இருபத்தெட்டு, பதவி என்று பெரிதாக எதுவும் இல்லை, முன்னால் வந்து, இவர்கள் எதில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது இவர்களுக்குப் புரிந்திருக்கிறதா என்று ஆளுநரிடமே கேட்டார். ஹாப்சன் அதைக் கேட்டுக்கொண்டு காரியத்தைத் தொடர்ந்தார். பதினொரு நாள் கழித்து அதே ஒப்பந்தத்தின் மாவோரிப் பிரதியை அச்சடித்துக் கொடுத்ததும் இவரே. பொழுதெல்லாம் கூட்டத்தோடு சேர்ந்து தலையாட்டிய மற்றவர்களுக்கு நடுவே ஒருவராவது வாயைத் திறந்தாரே என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மா, அப்படிக் கேட்டவர்தான் மூன்று வருடம் கழித்து உங்களைக் கட்டிக்கொண்டார். அவருக்குக் குருப்பட்டம் வேண்டும், மிஷன் நிலையத்துக்குப் போக வேண்டும் என்றால் மனைவி வேண்டும் என்பது பிஷப் செல்வினின் எண்ணம். மாவோரி நன்றாகப் பேசுகிற, பள்ளிக்கூடம் நடத்தத் தெரிந்த பெண் என்று பார்த்தால் நீங்கள் இருந்தீர்கள். 1843 ஏப்ரலில் கல்யாணம். வேலைக்கு ஆள் எடுப்பது போல நடந்த கல்யாணம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், இருவருக்கும் இடையே பிரியம் இருந்ததாக யாரும் எழுதி வைக்கவில்லை. உங்களுக்கு ஒரு தனி ஆசை, தனித் திட்டம் இருந்ததா என்று அப்போது யாராவது கேட்டார்களா? எங்கள் பாட்டிமார்களின் கல்யாணங்களை நினைத்தால் இதில் எனக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை, வருத்தம் மட்டும் இருக்கிறது.

1844 பிப்ரவரியில் மகள் ஃபேனி. அந்த வருடம் முடிவதற்குள் கைக்குழந்தையோடு வடக்கிலிருந்து கிழக்குக் கரைக்கு, ஹாக்ஸ் பே என்று இப்போது சொல்கிற இடத்துக்குப் போனீர்கள். அந்த மிஷன் நிலையத்துக்கும் வைத்தாங்கி என்றுதான் பெயர், ஒப்பந்தம் நடந்த இடம் வேறு. சதுப்பு நிலம், ஆறு பெருகினால் வெள்ளம் வாசலுக்கு வரும். அடுத்த வருடம் மகன் லாட்டிமர். உங்கள் கணவர் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நடந்துகொண்டே இருந்தார், வைராரப்பா வரைக்கும், வெல்லிங்டன் வரைக்கும் ஊர் ஊராக. ருவாஹினே மலை உச்சிக்கு முதன்முறை ஏறியபோது அதுவரை யாரும் பெயர் வைக்காத செடிகளைப் பார்த்த பரவசத்தில் மேல்கோட்டைக் கழற்றிப் பையாக்கி, அது நிரம்பியதும் சட்டையைக் கழற்றிக் கழுத்தைக் கட்டிப் பையாக்கி, மிச்சத்தைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு இறங்கி வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். லண்டனில் கியூ தோட்டத்துக்கு அவர் அனுப்பிய செடிகள் ஏராளம், தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கர் கடைசிவரை அவருக்கு நண்பர். படிக்கும்போது எனக்கும் அந்த மலை மேல் நிற்பது போல ஆசையாக இருந்தது. அப்புறம் நினைத்தேன், அந்த நாள்களில் சதுப்புக்கரையில் இரண்டு குழந்தைகளையும் பள்ளிக்கூடத்தையும் வருகிறவர் போகிறவரையும் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தது நீங்கள்.

தனியாக என்றது தப்பு. அந்த வீட்டில் ரீபெகா மெரெதெனே என்ற மாவோரிப் பெண் இருந்தாள்.

1850இல் ரீபெகாவுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது, விரெமு. குழந்தையின் அப்பா உங்கள் கணவர். விஷயம் வெளியே வந்தது, 1852இல் செல்வின் அவரைக் குருப்பணியிலிருந்து நிறுத்தினார், மிஷனும் கைவிட்டது. 1853 ஜனவரியில் வீடு தீப்பிடித்து எரிந்தது. அந்த வருடமே நீங்கள் ஃபேனியையும் லாட்டிமரையும் கூட்டிக்கொண்டு ஆக்லாந்துக்குப் போனீர்கள், அதற்குப் பிறகு அவரோடு சேர்ந்து வாழவே இல்லை. இந்த நான்கு வரிகளைத்தான் அவரைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளும் அவசரமாகச் சொல்லிவிட்டு மறுபடியும் பெரணிச் செடிகளுக்குப் போய்விடுகின்றன. 'சறுக்கல்' என்கிறார்கள். அவருடைய வாழ்க்கையில் சறுக்கல், சரி. ரீபெகாவின் வாழ்க்கையில் அது என்ன? அந்த வீட்டில் அவள் வேலை செய்தாள், அவர் அந்த வீட்டுக்கு எஜமானர், மதத்துக்குக் குரு. புரிந்துதான் கையெழுத்துப் போடுகிறார்களா என்று ஆளுநரைக் கேட்ட மனிதர் தன் கூரைக்குக் கீழே அந்தக் கேள்வியைத் தனக்கே கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய அச்சு வேலைக்கும் தாவரவியலுக்கும் எவ்வளவு மரியாதை கொடுத்தாலும் இதை நான் சுருக்கிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது வேறு ஒரு செய்தியைப் படித்தபோது. விரெமு மேல் உங்களுக்குப் பாசம் இருந்தது என்பது அது. கணவர் செய்த காரியத்தின் அடையாளமாக வீட்டுக்குள் தவழ்கிற குழந்தை, அந்தக் குழந்தையை நீங்கள் தள்ளவில்லை. ஊர் என்ன பேசும், மிஷன் வட்டாரம் என்ன பேசும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எப்படி முடிந்தது என்று கேட்க ஆசை. பெரிய மனது என்று பாராட்டிவிட்டு நகர்ந்துபோக எனக்கு விருப்பம் இல்லை, அப்படிப் பாராட்டிப் பாராட்டித்தான் பெண்கள் தலையில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருக்கிறோம்.

குடும்ப மரம் வரைகிற இணையதளங்களில் உங்கள் குடும்பம் எப்படி இருக்கும் தெரியுமா? பென்சான்ஸிலிருந்து ஒரு கோடு, கப்பல், பைஹியா, அங்கே ஒரு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். விரெமுவின் பெயர் சில இடத்தில் ஓரமாக வரும், சில இடத்தில் வராது. கப்பலேறிய ஒரு ஆணைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு முன்னால் இங்கிலாந்து, பின்னால் பிள்ளைகள் என்று எழுதுவதே வழக்கம். இறங்கிய இடத்தில் ஏற்கெனவே இருந்தவர்கள் பின்னணிப் படம் மாதிரி நிற்பார்கள். அந்த மாதிரி எழுதிய பக்கங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

உங்கள் கணவரின் சித்தப்பா, பெரியப்பா வழி அண்ணன் தம்பி முறையில் இன்னொரு கொலென்சோ உண்டு, தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் பிஷப் ஜான் வில்லியம் கொலென்சோ. இவர் மாவோரிக்குச் செய்ததை அவர் சூலு மொழிக்குச் செய்தார், இலக்கணமும் அகராதியும் எழுதினார், விவிலியத்தின் முதல் ஐந்து ஆகமங்களை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது என்று எழுதி சபையோடு மோதினார், லங்கலிபலேலே என்ற தலைவருக்காக அரசாங்கத்தையே எதிர்த்தார். அவர் அங்கே பிஷப்பாக இருந்தபோதுதான், 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பனுக்கு முதல் கப்பல் வந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக எங்கள் ஆட்கள். கப்பலின் பெயர் ட்ரூரோ, உங்கள் கணவர் பிறந்த அதே கார்ன்வாலில் இருக்கும் ஊரின் பெயர். 1911 வரைக்கும் அப்படிப் போனவர்கள் 1,50,000க்கும் மேல். அவர்களுக்கும் குடும்ப வரலாறு இருக்கிறது. கப்பல் பட்டியலில் ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது, ஊர், உடம்பில் இருக்கும் தழும்பு. நாட்குறிப்பு இல்லை, ஹூக்கருக்கு எழுதிய கடிதங்கள் இல்லை. அந்தத் தழும்பை வைத்துக்கொண்டு தங்கள் கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிறவர்கள் இன்றும் டர்பனில் இருக்கிறார்கள். ரீபெகாவைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது, மற்றவர்கள் எழுதிய தாளில் இருந்துதான் அவளையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு வருகிறேன். கணவரை விட்டுப் பிரிந்த பெண், கையில் இரண்டு பிள்ளைகள், 1850கள். வைகாத்தோவில் தாவுபிரி மிஷனில் பள்ளி ஆசிரியையாகப் போனீர்கள். 1860இல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்து. அங்கே மாவோரி விவிலியத்தின் அச்சுப் படிகளைப் பிழை திருத்தினீர்கள், பழைய ஏற்பாடும் புதியதும் சேர்ந்த முழு விவிலியம் 1868இல் வந்தது. முதல் புதிய ஏற்பாட்டை அச்சடித்த கொலென்சோ பெயர் எல்லாருக்கும் தெரியும், இந்தக் கொலென்சோ பெயரை யாரும் சொல்வதில்லை.

1863 டிசம்பரில் நடந்தது எனக்கு இன்னும் பெரிய விஷயம். இங்கிலாந்துக்கு வந்திருந்த மாவோரியான ஹரே போமரே, அவர் மனைவி ஹரியத்தா இருவருக்கும் அங்கே குழந்தை பிறந்தது, விக்டோரியா மகாராணி ஞானத்தாயாக இருக்கச் சம்மதித்தார், குழந்தைக்கு ஆல்பர்ட் விக்டர் என்று பெயர். மகாராணி அவர்களைப் பார்த்தபோது நடுவில் நின்று மொழிபெயர்த்தது நீங்கள். அதே வருடம் ஜூலையில் அந்த மகாராணியின் படை வைகாத்தோவுக்குள் நுழைந்திருந்தது. நீங்கள் பாடம் சொல்லிக்கொடுத்த ஊர்கள், உங்களிடம் எழுத்துப் படித்த பிள்ளைகளின் வீடுகள். போருக்குப் பின் அங்கே பறிமுதல் ஆன நிலம் கிட்டத்தட்ட 12 லட்சம் ஏக்கர். அங்கே துப்பாக்கி, இங்கே அரண்மனையில் குழந்தைக்குப் பரிசு, இரண்டு மொழியும் தெரிந்து நடுவில் நிற்கிற ஒரே ஆள் நீங்கள். அன்றைக்கு ராத்திரி தூங்கினீர்களா அம்மா?

பிறகு திரும்பி வந்து, 1876 முதல் நார்ஃபோக் தீவில் மெலனீசிய மிஷனில் வேலை. அங்கே பொது மொழி மோத்தா. ஐம்பத்தைந்து வயதில் அதைக் கற்று, அதில் மொழிபெயர்க்கவும் செய்தீர்கள். இருபது வருடத்துக்கும் மேல் அங்கே இருந்துவிட்டு 1898இல்தான் கிளம்பினீர்கள். எங்கள் ஊரில் அறுபதைத் தாண்டிய பெண்மணி ஒருத்தி புதிதாக ஒரு மொழி படிக்கிறேன் என்றால் 'இந்த வயசுல எதுக்கு' என்பார்கள்.

உங்கள் கணவரின் மிச்ச வாழ்க்கையையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நேப்பியரில் தனியாக இருந்தார், நாடாளுமன்றத்துக்குப் போனார், பள்ளி ஆய்வாளராக இருந்தார். ஒரு பாதிரியாரைக் கொன்ற வழக்கில் கெரேயோபா தே ராவ் என்ற மாவோரி பிடிபட்டபோது, ஊரே தூக்கில் போடு என்று கத்தியது, இவர் மட்டும் வேண்டாம் என்று துண்டுப் பிரசுரம் எழுதினார். 1872 ஜனவரியில் தூக்கில் போட்டுவிட்டார்கள். பெரிய மாவோரி அகராதி ஒன்றைத் தொடங்கி முப்பது வருடம் இழுத்து, முதல் எழுத்துக்கான பகுதி மட்டும் 1898இல் வெளிவந்தது. 1886இல் ராயல் சொசைட்டியில் சேர்த்துக்கொண்டார்கள், 1894இல் சபையும் மறுபடி குருவாக ஏற்றுக்கொண்டது. 1899 பிப்ரவரியில் 87 வயதில் நேப்பியரிலேயே காலமானார். அந்த மணியை அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்திருந்தார்.

நீங்கள் கடைசி நாள்களில் ஓத்தாகி பக்கத்தில் ஃபேனி வீட்டில் இருந்து, 1904இல் போய்ச் சேர்ந்தீர்கள். அந்த வருடம் பிப்ரவரியில்தான் உங்கள் தம்பி எட்வினுக்கு ஒரு பேரன் பிறந்திருந்தான், பின்னாளில் நியூசிலாந்தின் பெரிய கவிஞர்களில் ஒருவராகப் பேசப்பட்ட ஏ. ஆர். டி. ஃபேர்பர்ன்.

கார்ன்வாலை விட்டுக் கிளம்பிய வில்லியம் ஒரு தடவை கூட அங்கே திரும்பிப் போகவில்லை. லாட்டிமர் இங்கிலாந்தில் படித்தார். கார்ன்வாலுக்குப் போய் அங்கேயே வாழ்ந்த பிள்ளை விரெமு, ரீபெகாவின் மகன். பென்சான்ஸிலிருந்து ஆரம்பிக்கிற குடும்ப மரத்தில் அவன் கோடுதான் சுற்றி வந்து மறுபடி கார்ன்வாலைத் தொடுகிறது, அந்தக் கோடு ரீபெகா வழியாகத்தான் போகிறது, அவள் பெயரை விட்டுவிட்டால் அதை வரையவே முடியாது. தமிழில் இனி யார் அந்த மணியைப் பற்றி எழுதினாலும், என் கண்ணில் பட்டால், இந்த மூன்று பெயர்களையும் சேர்க்கச் சொல்லி எழுதுவேன்: எலிசபெத், ரீபெகா, விரெமு. முதலில் என் பக்கத்தில் சேர்த்துவிட்டேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து உங்களைப் பற்றிப் படித்த ஒருத்தி